பெரியேரி புத்தரும் பள்ளிப் பாடமும்

ஐயா,

சேலம் பெரியேரி தலைவெட்டி முனியப்பன் கோயில் சிலை புத்தருடையதே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் கூறியதை நினைவூட்டிய தங்கள் செய்தியைப் படித்தேன். சிலை யாருடையது என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. புத்தரின் சிந்தனை இங்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. வேள்விச் சடங்குகளை மறுத்து, கி.மு. 6, 5-ஆம் நூற்றாண்டுகளில் கங்கைச் சமவெளியில் புத்தரும் மகாவீரரும் ஆசீவகம் என்னும் துறவு நெறியின் மக்கலி கோசாலரும் வகுத்த வழிகள், துறவிகளோடும் வணிகர்களோடும் தெற்கே வந்து, மணிமேகலையின் 27-ஆம் காதையில் சமயவாதிகள் தத்தம் கொள்கையைத் தமிழில் எடுத்துரைக்கும் அளவுக்கு இங்கே வேரூன்றின.

தலைவாசல் பக்கம் தியாகனூர் புத்தர் சிலையைக் காணச் சென்றிருந்தபோது, சுருள்முடியையும் நீண்ட காதுமடலையும் உற்றுப் பார்த்த பள்ளி மாணவன் ஒருவன், “இது என்ன சாமிங்க?” என்று என்னிடம் கேட்டான். பாடநூலில் படித்த புத்தர்தான் இவர் என்று அவனுக்குத் தோன்றவில்லை; அவர் பீகாரில் அல்லவா இருக்கிறார்! சேலம் அரசு அருங்காட்சியகத்தில் இவ்விரு ஊர்ச் சிலைகளின் படங்களையும், இச்சமயங்கள் தெற்கே பரவியதைக் காட்டும் வரைபடத்தையும் வைத்து, புத்தரைப் பற்றிய பாடத்தைப் படிக்கும் 6-ஆம் வகுப்பு மாணவர்களை மாவட்டக் கல்வித் துறை அங்கே அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யலாம்.

- வாசகர், ஆத்தூர், சேலம் மாவட்டம்