‘டெல் அபார்ட்’டை இப்படியா சொல்லிக் குடுக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் ஆங்கிலப் பக்கத்துல ‘ஐ கான்ட் டெல் அபார்ட் தெம்’னு போட்டு, ‘அவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல முடியாது’ன்னு அர்த்தமும் குடுத்திருக்கீங்க. ரெண்டுமே தப்பு சார். தெம், அஸ் மாதிரி வார்த்தை நடுவுலதான் வரணும், ‘டெல் தெம் அபார்ட்’. அர்த்தம், ரெண்டு பேர்ல யார் யாருன்னு அடையாளம் தெரியலங்கிறது. டெல்லுன்னா சொல்றது மட்டும் இல்ல, பழைய இங்கிலீஷ்ல எண்ணுறதுக்கும் அதே வார்த்தைதான், பேங்க்ல பணத்தை எண்ணிக் குடுக்கிறவருக்கு டெல்லர்ங்கிற பேரே அதுல வந்ததுதான், இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

நானும் என் தங்கச்சியும் ரெட்டைப் பிள்ளைங்க. ஸ்கூல்ல புதுசா வர்ற மிஸ்ஸுங்க எல்லாம் ‘ஐ கான்ட் டெல் யூ டூ அபார்ட்’னு சொல்லிட்டு அவ பண்ணதுக்கு என்னைத் திட்டுவாங்க, நான் பண்ணதுக்கு அவளைத் திட்டுவாங்க. அந்த வாக்கியத்தைக் கேட்டே வளர்ந்தவ நான், அதனாலதான் இவ்வளவு கோபம் வருது.

அதுலயே கீழ, பரீட்சையில ‘டிஸ்டிங்விஷ் பிட்வீன்’னு கேட்டா ‘டெல் அபார்ட்’னு மாத்தி எழுதிக்கலாம்னு வேற யோசனை. பாத்தோ கேட்டோ எது எதுன்னு கண்டுபிடிக்கிறதுக்குத்தான் டெல் அபார்ட், அதுவும் பெரும்பாலும் கேன், குட் கூடத்தான் வரும். உலோகத்துக்கும் அலோகத்துக்கும் என்ன வேறுபாடுன்னு விளக்கி எழுதுறதுக்கு டிஸ்டிங்விஷ்தான் சரி. என் பொண்ணு உங்க பக்கத்தை வெட்டி நோட்டுல ஒட்டி வச்சுப் படிக்கிறா சார், அவகிட்ட இப்ப நான் என்ன சொல்லட்டும்?

இது முதல் தடவையும் கிடையாது. முன்னாடி ‘டிஸ்கஸ் அபவுட்’னு போட்டப்பவும் அந்த அபவுட் வேண்டாம்னு மரியாதையாத்தான் எழுதினேன், பதிலே இல்ல. அதுக்கப்புறம் எழுதினதுல பாராட்டின ரெண்டு வரியை மட்டும் எடுத்துப் போட்டுட்டு, தப்பைச் சொன்ன பாகத்தைக் கத்தரிச்சுட்டீங்க. இத்தனை வருஷமா காசு குடுத்து வாங்கிப் படிக்கிறவங்க சொன்னா காது குடுத்துக் கேக்கக் கூடாதா? ஆங்கிலப் பக்கம் எழுதுறவரை நான் குறை சொல்லல, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒருத்தர் டிக்‌ஷனரியைப் புரட்டியிருந்தா போதும்.

அடுத்த இதழ்ல அதே பக்கத்துல, அதே எழுத்து சைஸுல, சரியான வாக்கியத்தையும் அர்த்தத்தையும் போட்டுடுங்க. கடைசிப் பக்க மூலையில போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி