மோசியை விட்டுவிட்டீர்களே

பண்டைச் சீனத் தத்துவம் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரை படித்தேன். கன்பூசியஸ், லாவோ ட்சு இருவரோடு முடித்துக்கொண்டது சரியல்ல. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மோசி, வேண்டியவர் வேண்டாதவர் பாராத அன்பை வலியுறுத்தியவர். படையெடுப்பைக் கண்டித்ததோடு நிற்காமல், தாக்கப்படும் நகரங்களுக்கு மதில் காக்கும் உத்திகளையும் அவர் மரபினர் வகுத்துக்கொடுத்தார்கள். ஆடம்பரச் சாவுச் சடங்கு வீண்செலவு என்று கன்பூசியர்களோடு மல்லுக்கட்டியதும் இவர்கள்தான்.

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். அட்டைப்பெட்டியில் ஊசித்துளை போட்டு, எரியும் மெழுகுவத்தியின் பிம்பம் எண்ணெய்த்தாளில் தலைகீழாக விழுவதை மாணவர்களுக்குக் காட்டுவேன். இந்தத் தலைகீழ் பிம்பத்தை அன்றே விளக்கியது மோசியின் பெயரிலுள்ள நூல். ஒளித்துகள்கள் வழியே தகவல் அனுப்பிச் சோதிக்க 2016இல் சீனா ஏவிய குவாண்டம் செயற்கைக்கோளுக்கும் அவர் பெயர்தான். அடுத்த இணைப்பில் மோசிக்கும், கடும் சட்டத்தாலேயே நாட்டை ஆளவேண்டும் என்று சொல்லிப் பண்டைச் சீனத்தின் சின் அரசை வலுவாக்கிய சட்டவாதிகளுக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.