இனிஷியல் இல்லாத டீம்

அன்புள்ள வித்யாவுக்கு,

சியாட்டிலில் மழை விட்டதா? ஃப்ரீமாண்டில் நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டிவலிதான், டாக்டரிடம் போகச் சொன்னால் கேட்பதில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நேற்று டிவியில் நம் ஏ'ஸ் பேஸ்பால் ஆட்டம். 'நம்' என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும், சரி, ஓக்லண்டை விட்டுப் போய்விட்டார்களே. இப்போது மேற்கு சாக்ரமெண்டோவில் ஒரு மைனர் லீக் மைதானத்தில், அதாவது இரண்டாம்தர டீம்கள் ஆடுகிற சின்ன மைதானத்தில், ஆடுகிறார்கள். ஊர்ப்பெயரே கிடையாது, வெறும் அத்லெட்டிக்ஸ். இனிஷியல் போடாத கையெழுத்து மாதிரி இருக்கிறது. 2028-ல் லாஸ் வேகாஸ் போகும்வரை இப்படித்தானாம்.

ஓக்லண்டில் கூட்டம் வருவதில்லை என்று புலம்பினார்கள். எப்படி வரும்? 2022-ல் நட்சத்திர ஆட்டக்காரர்கள் ஓல்சனையும் சாப்மனையும் ஒரே வாரத்தில் வேறு டீம்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் 112 தோல்வி. ஊரும் லேசுப்பட்டதில்லை. 1990-களில் ரெய்டர்ஸ் என்கிற அமெரிக்கன் ஃபுட்பால் டீமைத் திரும்பக் கூட்டிவரக் கடன் வாங்கி, ஏ'ஸ் ஆடிய கொலிசியம் மைதானத்துக்குள் கான்கிரீட் மலை மாதிரி அந்த கேலரியைக் கட்டிக் குன்றுகளை மறைத்தார்கள். கடைசியில் ரெய்டர்ஸும் வேகாஸ் போயிற்று, கடன் வரி கட்டுகிறவன் தலையில்.

2023 ஜூன் 13 ஞாபகம் இருக்கிறதா? காலி நாற்காலியைக் காரணம் காட்டிய டீம் முதலாளிக்குப் பதில் சொல்ல 27,759 பேர் கொலிசியத்துக்கு வந்தோம். 'விற்றுவிடு' என்று எழுதிய பச்சை டிஷர்ட்டோடு நீ ரைட் ஃபீல்டில் டிரம்காரர்கள் பக்கம். நீ தட்டியதைப் பார்த்தபோது, மிருதங்க வகுப்புக்குக் கட்டிய பணம் வீண்போகவில்லை என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். ஐந்தாவது இன்னிங்ஸில் முதல் பேட்டர் வந்ததும் எல்லோரும் வாயே திறக்காமல் எழுந்து நின்றீர்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கத்த ஆரம்பித்த பிறகுதான் உயிர் வந்தது. எதிர் டீமான டாம்பா பே ரேஸை 2-1 என்று ஜெயித்தோம். அதே நாளில்தான் நெவாடா செனட் வேகாஸ் மைதானத்துக்கு 38 கோடி டாலர் வரை அரசுப் பணம் தர ஓட்டுப் போட்டது. அது வேறு கதை.

நீ கோபம் வந்தால் கத்துகிற பெண். பேசாமல் இருந்தால்தான் எங்களுக்குக் கவலை. சில ஞாயிறாக நீ போனை எடுக்கவில்லை. லிவர்மோர் கோயிலில் மாலதி ஆன்ட்டி உங்கள் கம்பெனியைப் பற்றி ஏதோ சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடமும் எதுவும் கேட்கவில்லை. உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன், பிறந்தநாளுக்கு என்று வைத்துக்கொள். பிறந்தநாள் நவம்பரில்தான், தெரியும். திருப்பி அனுப்பாதே. முப்பது வயதுப் பெண்ணுக்கு அப்பா பணம் அனுப்பினால் ஊர் சிரிக்காது.

ஓக்லண்ட் ரைமண்டி பார்க்கில் 2024-லிருந்து பாலர்ஸ் என்று ஒரு சின்ன பேஸ்பால் டீம் ஆடுகிறது. ரசிகர்களுக்கும் அதில் பங்கு உண்டு. கோடையில் வா, போகலாம். லீவு கிடைக்குமா என்று நான் கேட்கப்போவதில்லை. டிக்கெட் நானே எடுக்கிறேன், பிளைட் டிக்கெட்டும்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா போன் செய்தால் எடு, என் போனை எடுக்காவிட்டாலும் சரி.

அப்பா