முதல் வாசிப்புக்கே அழையுங்கள்

தமிழ் நாடகக் குழுக்களின் நெறியாளர்களுக்கும் நாடக விழா நடத்துவோருக்கும்,

வணக்கம். ஆறு ஆண்டுகளாக நாடகங்களுக்கு இசையமைத்து வருகிறேன். பார்ப்பவர்கள் எல்லாம் "சினிமாவுக்கு எப்போது போகிறாய்?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு மேடை போதும். மேடையிலேயே காலம் தள்ள முடியுமா என்பது உங்கள் கையிலும் இருப்பதால் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு குழுவினர் என்னைக் கூப்பிட்டபோது அரங்கேற்றத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. காட்சிகள் எல்லாம் அமைந்துவிட்டன. இரண்டு பாட்டும் கொஞ்சம் பின்னணியும் கேட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து மெட்டுப் போட்டேன். ஒத்திகைக்குப் போனால், பாட்டைப் பாடும் நடிகர் மேடையைச் சுற்றி ஓடி, விழுந்து, எழுந்த கையோடு பாட வேண்டும். என் மெட்டோ முதல் அடியிலேயே மேல் ஸ்தாயியில் நீண்டு நிற்கிறது. அவருக்கு மூச்சே இல்லை. கடைசியில் பாட்டைப் பாதியாக வெட்டினோம். இரண்டாம் நாள் ஒத்திகையிலேயே நான் அங்கே இருந்திருந்தால், அந்த மூச்சிரைப்பிலிருந்தே தாளத்தை எடுத்திருப்பேன்.

இசைக்காரர் நடிகரோடு கூடவே இருப்பது நம் மேடைக்குத் தெரியாத சங்கதி இல்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த, பாட்டு நிறைந்த ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், பல தாளக் கருவிகளையும் வாசிக்கும் ஆல்ரவுண்டு என மூவரும் மேடையோரத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். யார் எத்தனை கட்டை சுருதியில் பாடுவார், யார் வசனத்தை எங்கே இழுப்பார் என்பது ஆர்மோனியக்காரருக்கு அத்துப்படி. பாடி நடித்துப் புகழ்பெற்ற எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அவருடைய சகோதரர் காசி ஐயரே ஆர்மோனியம் வாசித்தார். கூடவே வளர்ந்த காது அது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டபோதுகூட நாடகக் கொட்டகை அதைக் கைவிடவில்லை. தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் இன்றும் கூத்தாடிக்குப் பின்னாலேயே நின்று அவர் விட்ட அடியை எடுத்துக்கொள்கிறார்கள். நவீன நாடகக்காரர்களான நாம் கூத்திலிருந்து அடவை எடுத்தோம், ஒப்பனையை எடுத்தோம். இந்த உறவை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்?

பதிவு செய்த இசை செலவைக் குறைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடிகர் ஒரு வரியை மறந்தால் பதிவு காத்திருக்காது. விழா நடத்துவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரே நாளில் மூன்று நாடகம் போட்டால், வாத்தியக்காரர்களுக்கு மைக் வைத்துப் பார்க்கக்கூட நேரம் கிடைப்பதில்லை. நேரடி இசையோடு வர நினைக்கும் குழுவும் பென் டிரைவோடு வருவது அதனால்தான். அவர்களுக்கு அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

அந்தப் பென் டிரைவில் இன்னொரு வலியும் இருக்கிறது. நான் இசையமைத்த ஒரு நாடகம் வேறு ஊரில் மறுபடி மேடையேறியதை நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதில் ஒளியமைப்பாளர் பெயர் வரை இருந்தது. என் பெயர் இல்லை. சம்பளப் பணியாளராக அல்லாமல் இசையமைத்தால் பதிப்புரிமை இசையமைத்தவருக்கே. எழுத்தில் கொடுத்தால்தான் அது கைமாறும். ராயல்டியில் இசையமைப்பாளரின் பங்கைக் காத்த 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சினிமா இசையமைப்பாளர்கள் ராயல்டி பற்றித் தயங்காமல் பேசுகிறார்கள். நாடகத்தில் அந்தப் பேச்சை எடுத்தாலே நட்பு கெட்டுவிடும் என்று நானே பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். பெரிய தொகை எதுவும் கேட்கவில்லை. ஒத்திகை நாட்களுக்கும் சேர்த்து ஊதியம், மறு மேடையேற்றத்துக்கு முன் ஒரு போன், நோட்டீஸில் பெயர். இதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக்கொண்டால் இருவருக்கும் சங்கடமில்லை.

அடுத்த நாடகத்தின் பிரதியை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து முதல் முறை வாசிக்கும் நாள் இருக்கிறதே, அன்றைக்கே சொல்லி அனுப்புங்கள். ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
மேடைக்கு இசையமைக்கும் ஒருவன்