கணுக்காலில் பேட் ஒட்டும் முன்: மறுவாழ்வு மருத்துவப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் மறுவாழ்வு மருத்துவர்களுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும்,

வணக்கம்.

தண்டுவடக் காயத்துக்குப் பிறகு பலரை வீட்டுக்குள் முடக்கிப்போடுவது கால் வராததைவிட மலம் கட்டுக்குள் இல்லாததுதான். அதனால்தான் "டென்ஸ் வைத்தால் குடல் சரியாகுமாமே" என்று குடும்பங்கள் உங்களிடம் வந்து கேட்கின்றன. டென்ஸ் என்பது தோலில் பேட் ஒட்டி லேசான மின்சாரத்தால் நரம்பைத் தூண்டும் கருவி; குடலுக்காக அதைக் கணுக்கால் நரம்பில் வைக்கிறோம். கொடுங்கள். முறையோடு கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் எந்தக் குடல் என்று பாருங்கள். ஆசனவாய்த் தோலை லேசாகச் சீண்டினால் சுருங்குகிறதா? சுருங்கினால் அனிச்சைச் செயல் உயிரோடு இருக்கிறது. குத மாத்திரையும் விரல் தூண்டலும் வேலை செய்யும். தண்டுவடத்தின் அடிநுனியோ அதற்குக் கீழுள்ள நரம்பு வேர்களோ அடிபட்டுத் தளர்ந்துபோன குடலில் அவை பெரிதாக உதவாது. அங்கே மலத்தைச் சற்றுக் கெட்டியாக வைத்துக் கையால் எடுப்பதே வழி. தண்ணீராகக் கசிந்தால் வயிற்றுப்போக்கு என்று மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். மேலே கெட்டிப்பட்ட மலத்தைச் சுற்றிக்கொண்டு வரும் கசிவாக இருக்கலாம்.

அனிச்சைச் செயல் உள்ளவருக்கு உணவுக்குப் பின் 20 முதல் 30 நிமிடத்தில், தினமும் ஒரே நேரத்தில் உட்காரும் பழக்கம் முதலில் நிலைக்கட்டும். கருவியைத் தொடங்கும் வாரத்திலேயே மலமிளக்கியையும் மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி பேட். ஒன்று உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால். மற்றது அதிலிருந்து சுமார் 10 செ.மீ. மேலே. 20 ஹெர்ட்ஸ் வேகம், 200 மைக்ரோ செகண்ட் துடிப்பு, 30 நிமிடம் என்பது ஆய்வுகளில் வழக்கமான அளவு. உணர்ச்சியில்லாத காலில் "சுர்ருன்னு இருக்கா?" என்று கேட்டுப் பயனில்லை. பெருவிரலைப் பாருங்கள். அது லேசாக மடங்கும்வரை மில்லி ஆம்பியரை ஏற்றி, பிறகு சற்றுக் குறையுங்கள். விரல் அசையவே இல்லையென்றால் அளவை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். பேட் இடம் தவறியிருக்கலாம், ஜெல் காய்ந்திருக்கலாம், கீழ் நரம்பே செத்திருக்கலாம். தேங்காய் எண்ணெய் தேய்த்த காலில் பேட் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒட்டியிருக்கும் சிறு இடத்திலேயே மின்சாரம் குவிந்து தோல் வெந்துபோகும். அவருக்கு அது தெரியவே தெரியாது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே ஒட்டுங்கள். எடுத்ததும் தோலைப் பாருங்கள். பேஸ்மேக்கர் உள்ளவருக்கும், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருப்பவருக்கும், கர்ப்பிணிக்கும் வேண்டாம்.

தண்டுவடத்தின் நெஞ்சுப் பகுதியில் ஆறாவது நிலையான டி6-லோ அதற்கு மேலோ காயமிருந்தால் ரத்த அழுத்தம் திடீரென எகிறலாம்; பக்கத்தில் பிபி கருவி இருக்க வேண்டும். இவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் இயல்பான மேல் அளவே பெரும்பாலும் 90 முதல் 110தான். 130 என்று வந்தால் வார்டில் "நார்மல்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். இவர்களுக்கு அது அபாய மணி. தலைவலி, முகச் சிவப்பு, வியர்வை என்றால் உடனே நிறுத்தி, நிமிர்ந்து உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள்.

நம்பிக்கையையும் அளந்து கொடுங்கள். தண்டுவடக் காயத்தில் இம்முறைக்கான ஆய்வுகள் சிறியவை. மலக்கசிவுக்காகக் கணுக்காலில் ஊசிவழித் தூண்டல் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வில் (2015) போலித் தூண்டலைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. குடலை நேரடியாக இயக்குவது வேறு கருவி. 1970களின் பிற்பகுதியில் லண்டனில் உடலியல் ஆய்வாளர் பிரிண்ட்லி பொருத்தத் தொடங்கியது அது. தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்து வரும் எஸ்2 முதல் எஸ்4 வரையிலான நரம்புகளின் முன்வேர்களை (தசையை இயக்குபவை) இடைவெளி கொடுத்துக் கொடுத்துத் தூண்டும். இடைவெளியில் சுருக்குத்தசை சட்டென்று தளரும். மெதுவாக இயங்கும் மலக்குடல் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கும், மலம் வெளியேறும். ஆனால் அதற்குப் பெரிய அறுவை சிகிச்சை வேண்டும். வழக்கமாகப் பின்வேர்களையும் (உணர்வைக் கொண்டுசெல்பவை) வெட்டுவார்கள். ஆண்களுக்கு அனிச்சை விறைப்பு போய்விடும். இதைச் சொல்லாமல் யாரையும் அதற்கு அனுப்பாதீர்கள்.

தொடங்கும் முன் கழிவறையில் ஆகும் நேரம், கசிவு, விரலால் தூண்டவோ எடுக்கவோ வேண்டிய தேவை மூன்றையும் இரண்டு வாரம் குறித்துவையுங்கள். எட்டு வாரத்தில் அவை மாறவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது எந்தக் கால், எத்தனை மில்லி ஆம்பியர், எப்போது நிறுத்த வேண்டும் என்று தமிழில் எழுதி டிஸ்சார்ஜ் அட்டையோடு இணைத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தண்டுவடக் காயமுற்றோரின் குடல் பராமரிப்பில் பணிபுரிவோர்