ரோஸ் ஹில்லிலிருந்து அப்பாவுக்கு

ரோஸ் ஹில், மொரீஷியஸ்
2-2-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலமாக இருக்கிறோம். பொங்கலன்று வந்த பெலால் புயலில் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் அடித்துச் செல்லப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்லை என்று தம்பி சொன்னான். புயல் காலம் இன்னும் முடியவில்லை என்பதால், நாங்கள் எப்படி ஆயத்தமாகிறோம் என்று விவரமாக எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

இங்கே புயல் எச்சரிக்கை நான்கு வகுப்புகளாக வருகிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று தாக்குவதற்கு 36 முதல் 48 மணி நேரம் இருக்கும்போது முதல் வகுப்பு. காற்று வருமுன் 12 மணி நேரப் பகல் வெளிச்சமாவது கிடைக்கும்படி இரண்டாவது, 6 மணி நேரமாவது கிடைக்கும்படி மூன்றாவது. அந்தக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் நான்காவது. வெளிச்சத்தையும் கணக்கில் சேர்த்தவர் யாரோ, புண்ணியவான். இருட்டில் மொட்டை மாடியில் ஏறித் தொட்டி மூடியைக் கட்டுவது எத்தகைய வேலை என்று உங்களுக்குத் தெரியாததா?

முதல் வகுப்பிலேயே மெழுகுவர்த்தி, டின் மீன், பிஸ்கட், குழந்தையின் மருந்து எல்லாம் வாங்கிவிடுவோம். அதற்குப் பிறகு போனால் ரொட்டிக் கடையில் வரிசை தெருமுனை வரை நிற்கும். இரண்டாவதில் பூந்தொட்டி, கொடிக்கம்பி, சைக்கிள் என்று பறக்கக்கூடியவை அனைத்தும் உள்ளே வந்துவிடும், வாளியும் குடமும் நிரம்பிவிடும். கண்ணாடி உடைவதைவிட எங்களுக்குப் பெரிய தொல்லை, தள்ளுசன்னலின் அடிச்சட்டத்துக்குள் காற்று தண்ணீரை ஏற்றிவிடுவதுதான். பழைய துண்டுகளை முறுக்கி அந்தச் சட்டத்தில் திணித்து, ஊறியதும் பிழிந்து, மறுபடியும் திணித்து, உங்கள் மாப்பிள்ளையும் நானும் முறை வைத்து விழித்திருப்போம்.

கஜாவின்போது ஊரே பாதுகாப்பு மையத்துக்குப் போனதே, இவர்கள் மட்டும் ஏன் வீட்டை விட்டு நகரவில்லை என்று அம்மா கேட்டாராம். நம் ஊரில் ஓடும் கீற்றும் பறக்கும், கடலும் உள்ளே வரும்; எங்கள் வீடோ மேட்டில் உள்ள கான்கிரீட் வீடு. தகர வீடுகளிலும் தாழ்ந்த இடங்களிலும் இருப்பவர்களை இங்கேயும் முகாம்களுக்கு வரச் சொல்கிறார்கள். 1960 பிப்ரவரி இறுதியில் கரோல் புயல் 256 கிலோமீட்டர் வேகம் வரை வீசி, மரத்தாலும் தகரத்தாலும் ஆன வீடுகளை ஆயிரக்கணக்கில் தரைமட்டமாக்கிய பிறகுதான் தீவு கான்கிரீட்டுக்கு மாறியது. அப்போது சிறுமியாக இருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி எங்களுக்குச் சொல்லியிருக்கும் விதி ஒன்றே ஒன்று: காற்று திடீரென்று ஓய்ந்தால் வாசற்கதவைத் திறக்கக் கூடாது. அது புயலின் கண். சற்று நேரத்தில் காற்று எதிர்த் திசையிலிருந்து வந்து அடிக்கும்.

ஆனால் இந்த வகுப்புகள் காற்றின் வேகத்தை வைத்தே கணக்கிடப்படுபவை. மழை எவ்வளவு பெய்யும் என்பதை அவை சொல்வதில்லை. போர்ட் லூயி மலையடிவாரத்தில் இருப்பதால் மழைநீர் முழுவதும் நகருக்குள் இறங்குகிறது. புயலே இல்லாத 2013 மார்ச் 30 அன்றும் அங்கே வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். பொங்கலுக்காக உங்கள் மாப்பிள்ளை விடுப்பு எடுத்திருந்ததால் இம்முறை தப்பினார். இனி கனமழை என்றால், எந்த வகுப்பாக இருந்தாலும் போர்ட் லூயிக்கு வேலைக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

நான்காம் வகுப்பில் மின்சாரம் போய்விட்டால் கைப்பேசியை அணைத்து வைத்துவிடுவோம். அழைத்து எடுக்கவில்லையென்றால் பதற வேண்டாம். எச்சரிக்கை விலகியதும் நானே பேசுவேன். குளிர்பெட்டி ஓடாத நாட்களுக்கு ஏற்றது அம்மாவின் புளிக்காய்ச்சல்தான், இருந்த புட்டி பெலாலோடு தீர்ந்துவிட்டது. மார்ச்சில் சித்தப்பா வரும்போது இரண்டு புட்டி கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

அன்பு மகள்