இலங்கைக்குக் கிளம்பும் முன்...

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறைக்கு நெல்லைச் சீமையிலிருந்து இலங்கை போகிறவர்கள் பலர் மழையைக் கணக்கில் வைப்பதில்லை. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் இலங்கையின் தெற்கே உள்ள காலி (Galle) நகரப் பக்கம் கடல் கொந்தளிக்கும்; அதே மாதங்களில் கிழக்கே திருகோணமலைக் கடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நமக்குக் கொட்டும் மழை யாழ்ப்பாணம், திருகோணமலையிலும் கொட்டும். காலிக்குத் தை, மாசிதான் தோது.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பயண அனுமதிக்கு விண்ணப்பிக்கும் இணையதளம் 'ஜிஓவி.எல்கே' (gov.lk) என்று முடிகிறதா பாருங்கள். மற்றவை இடைத்தரகர்கள், கூடுதல் பணம் பிடுங்குவார்கள். நம்மவர்களில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி. அதற்காக விண்ணப்பத்தில் இனிஷியலை இஷ்டத்துக்கு விரித்து எழுதக் கூடாது. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் விமான நிலையத்தில் சிக்கல்.

அங்கும் 'ரூபாய்'தான், மதிப்பு வேறு. விலை பேசும்போது எந்த ரூபாய் என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றியே போக வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதை அங்கே பெரிய அவமதிப்பாகக் கருதுகிறார்கள். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

– வாசகர், பாளையங்கோட்டை